பட்டா இருக்கிறவனுக்குத்தான் புயலா?

"புயலுக்குச் சாதி தெரியுமாய்யா? அதுக்குள்ளயும் சாதியைக் கொண்டாந்து நுழைக்கிறீங்களே!"

ஒவ்வொரு கார்த்திகையிலும் நம்மிடம் கேட்கப்படுகிற கேள்வி இது. கஜா புயலுக்குப் பிறகும் கேட்டார்கள். கேட்பவர் ஆதிக்கச் சாதிக்காரர் மட்டுமில்லை. முற்போக்குப் பேசுகிறவர், மனிதாபிமானி, நிவாரணத்துக்கு அரிசி மூட்டை அனுப்பி வைத்தவர் எல்லோரும் கேட்கிறார்கள். எழவு வீட்டில் போய் நாம் பங்காளிச் சண்டை போடுவது மாதிரி ஒரு வருத்தம்வேறு அவர்கள் குரலில் இருக்கும்.

பதிலைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தெரியாது. காற்றுக்குச் சாதி தெரியாது. ஆனா காத்து அடிக்கிறதுக்கு முன்னாடி யாரை எங்க குடிவச்சாங்க, எதால கூரை போட வச்சாங்க? அடிச்சு ஓஞ்ச பிறகு எதை எண்ணுனாங்க, எதை எண்ணாம விட்டாங்க? இது ரெண்டும் காத்து செஞ்ச வேலை இல்ல, மனுசன் செஞ்ச வேலை. இந்த நாட்டில் மனுசன் செய்கிற வேலையில் சாதி இல்லாமல் இருக்காது. புயல் அடித்தது ஒரு ராத்திரி. அந்தப் புயலின் கணக்கை எழுதியது பட்டா ஏடு. நமது சண்டை காற்றோடு அல்ல, அந்த ஏட்டோடு.

யானை ஊரிலிருந்து ஒரு பேச்சு

இதை எழுதுவது கரிவலம்வந்தநல்லூரிலிருந்து. கடல் எங்க கிடக்கு, சங்கரன்கோவில் பக்கம் எங்க கிடக்கு, உனக்கென்னய்யா புயலைப் பத்திப் பேச்சு என்று கேட்கலாம். கரி என்றால் யானை. யானை வலம் வந்ததால் நல்லூர் என்பது எங்கள் ஊர்த் தலபுராணம். கஜா என்றாலும் யானைதான். அந்தப் புயலுக்கு இலங்கை கொடுத்த பெயர் அது.

பேர்ப் பொருத்தம் மட்டுமல்ல. எங்கள் வட்டாரத்தில் பஞ்சபூதத்துக்கும் தலம் உண்டு. மண்ணுக்குச் சங்கரன்கோவில், நெருப்புக்குக் கரிவலம்வந்தநல்லூர், நீருக்குத் தாருகாபுரம், காற்றுக்குத் தென்மலை, ஆகாயத்துக்குத் தேவதானம். ஆக, காற்றைக்கூடக் கருவறைக்குள் உட்கார வைத்துப் பூசை செய்கிற பூமி இது. அதே மண்ணில் காலமெல்லாம் குனிந்து கிடந்தவனைக் கோபுர வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த பூமியும் இதுதான். இயற்கை எல்லோருக்கும் பொது என்று எங்களிடம் பாடம் நடத்துகிறவர்கள் கொஞ்சம் யோசித்துப் பேசவேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. இயற்கைச் சீற்றத்தையும் தீண்டாமையையும் முடிச்சுப் போட்ட பேர்பெற்ற பேச்சு பழைய திருநெல்வேலிச் சீமையில்தான் பேசப்பட்டது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பூகம்பம். ஆயிரக்கணக்கில் மக்கள் செத்தார்கள். ஹரிஜன யாத்திரையில் இருந்த காந்தி ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்கிற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று அதற்குப் பொருள் சொன்னார். இது அறிவுக்கு ஒவ்வாதது என்று தாகூர் மறுத்து எழுதினார். இந்த விவாதம் பாடப்புத்தகம் வரைக்கும் வந்துவிட்டது.

தீண்டப்படாதவன் பக்கம் நின்று பார்த்தால் கேள்வி வேறு. தண்டனை என்றால், தீண்டாமை செய்தவன் தலையில் மட்டும் அல்லவா கூரை விழுந்திருக்க வேண்டும்? தீண்டாமைக்கு ஆளானவன் வீடும் ஏன் விழுந்தது? அன்றைக்கு மகாத்மா, சாதிக்காகக் கடவுள் அடித்தார் என்றார். இன்றைக்கு மனிதாபிமானிகள், சாதி பார்க்காமல் இயற்கை அடித்தது என்கிறார்கள். ரெண்டும் எதிர்ப் பேச்சு மாதிரித் தெரியும். ரெண்டுக்கும் முடிவு ஒன்றுதான். கடவுள் அல்லது இயற்கை குற்றவாளிக் கூண்டில் நிற்கும். பண்ணையாரும் அரசாங்கமும் பார்வையாளர் வரிசையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மரத்துக்கு விலை, கைக்கு விலை இல்லை

2018 நவம்பர் 16. விடிவதற்கு முன்னால் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா கரையேறியது. பருவமழைக் காலத்தின் பின்பாதியில் வருகிற புயல்கள்தான் நம் கரையை அதிகம் அழித்தவை. 1952 நவம்பரில் நாகை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி. 1977 நவம்பரில் ஒரே வாரத்தில் நாகையும் ஆந்திராவின் திவிசீமையும். 2011 டிசம்பரில் கடலூரைப் புரட்டிய தானே. அந்த வரிசையில் கஜா. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று நாலு மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுத் திண்டுக்கல் மலை வரைக்கும் போனது. சாவு ஏறத்தாழ அறுபது. விழுந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். முகாமுக்கு வந்த ஜனங்கள் ரெண்டு லட்சத்துக்கு மேல்.

முன்கூட்டியே ஆட்களை அப்புறப்படுத்தியதால் சாவு குறைந்தது என்பது உண்மை. அதை மறுக்கவில்லை. உயிரோடு மிஞ்சியவர்களை அரசு எப்படி எண்ணியது என்பதுதான் கேள்வி.

அன்றைய தமிழக அரசு அறிவித்த தொகைகளைப் பாருங்கள். விழுந்த தென்னைக்கு இழப்பீடு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக மரம் ஒன்றுக்கு 1,100. முழுசாகப் போன குடிசைக்கு 10,000. பாதி போன குடிசைக்கு 4,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஹெக்டேர் தோப்புக்காரருக்கு 1,92,500 ரூபாய் வரும்.

தென்னை இழந்த சிறு விவசாயியின் கண்ணீர் பொய் இல்லை. நட்டு, தண்ணி ஊத்தி, அஞ்சாறு வருசம் காத்திருந்து காய் பார்க்கிற மரம். பிள்ளை மாதிரி வளர்த்தேன் என்று அழுதவர்களை நாம் கேலி பேச மாட்டோம். அவர்களுக்கும் 1,100 ரூபாய் காணாது. தமிழகம் ஏறத்தாழ 15,000 கோடி கேட்டது. மத்திய அரசு 2018 டிசம்பர் கடைசியில் ஒப்புக்கொண்டது 1,146 கோடி. டெல்லிக்காரன் நம்மை ஏமாத்திட்டான் என்று எல்லாக் கட்சியும் கத்தியது. சரிதான். ஆனால் மேலே டெல்லி தமிழ்நாட்டுக்குச் செய்ததை, கீழே இந்தக் கணக்கெடுப்பு சேரிக்குச் செய்தது. அதைக் கத்த எந்தக் கட்சிக்கும் தொண்டை இல்லை.

ஒரு தென்னை மரத்தை நம்பி எத்தனை கை பிழைக்கிறது? மரத்தில் ஏறிக் காய் வெட்டுகிறவர். கீழே பொறுக்கிச் சுமக்கிறவர். கடப்பாரையில் மட்டை உரிக்கிறவர். கீற்று முடைகிற பெண்கள். கயிறு திரிக்கிற பெண்கள். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சி, பாத்தி கட்டி, கவலை கொத்துகிறவர். இவர்களில் பெரும்பாலோர் பெயரில் தோப்பு இல்லை. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு விழுந்தபோது தோப்புக்காரனுக்கு மரம் போனது. இவர்களுக்கு ஆறேழு வருசத்துப் பிழைப்பு போனது. புதுக் கன்று காய்க்கிற வரைக்கும் ஏற மரம் இல்லை, உரிக்க மட்டை இல்லை, முடையக் கீற்று இல்லை. விழுந்த மரத்துக்கு 1,100. அந்த மரத்தில் ஏறின காலுக்கு எவ்வளவு? கீற்று முடைந்த கைக்கு எவ்வளவு? பட்டியலில் அந்தக் கட்டமே கிடையாது.

இல்லை, ஒரு வரி இருக்கிறது. பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு வகுத்திருந்த அன்றைய விதிகளில், பிழைப்பு கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் பெரியவருக்கு நாளொன்றுக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 ரூபாய் கொடுக்கலாம் என்று இருந்தது. அதே 2018-19இல் நூறுநாள் வேலைக்கு அரசு அறிவித்த கூலி 224 ரூபாய். மண்வெட்டி பிடித்தால் 224, புயலில் பறிகொடுத்தால் 60. நிலத்துக்கும் மரத்துக்கும் தருவதற்குப் பேர் இழப்பீடு. உழைப்பை இழந்தவனுக்குத் தருவதற்குப் பேர் தருமம்!

புயல் வந்த காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். கூலிக்காரன் வருசத்துச் சோறு நடவிலும் அறுப்பிலும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலில் நிற்கிறது. கையிலிருந்த நடவுக்கூலி தீர்ந்துபோயிருக்கும். அறுப்புக்குத் தை வரவேண்டும். பின்பருவப் புயல் சரியாக இந்தப் பள்ளத்தில்தான் வந்து இறங்குகிறது. பயிர் போனால் பயிருக்கு ஹெக்டேர் கணக்கில் பணம் வரும். அறுக்காமல் போன அறுப்புக்கூலி எந்த ஹெக்டேரில் வரும்?

விவசாயி யார்?

இங்கேதான் ஒரு சொல்லை நாம் பிடித்து உலுக்க வேண்டியிருக்கிறது. விவசாயி. தொலைக்காட்சியில் விவசாயி, மேடையில் விவசாயி, சினிமாவில் விவசாயி. பச்சைத் துண்டு போட்டவர் விவசாயி. சேற்றில் நிற்கிறவள் யார்? கூலி. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர் சுமார் 42 லட்சம். விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம். ரெண்டு மடங்குக்கு மேல் இருக்கிற ஜனத்தை வெளியே நிறுத்திவிட்டு, மிச்சம் இருப்பவர்களுக்கு விவசாயி என்று பேர் வைத்து, அந்தப் பேரில் மொத்த ஊரும் அழுகிறது. டெல்டா அழுகிறது என்று எழுதிய பத்திரிகைகளில் டெல்டா என்பது தோப்பாகவும் வயலாகவும் இருந்தது. சேரியாக இல்லை.

அந்தச் சேரி எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் குடிசைக் கணக்கு புரியும். பண்ணையாள் குடியிருந்தது மிராசுதார் நிலத்தில். வயலுக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரத்தில், தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில். மண்ணும் கீற்றும்தான் வீடு. கல்வீடு கட்டினால் ஆள் நிலைத்துவிடுவான் அல்லவா? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் உயிர் பிழைக்க ஓடிப் புகுந்ததும் ஒரு குடிசைதான். அதை வைத்துத்தான் அவர்களைக் கொளுத்தினார்கள். பிறகு 1971இல் குடியிருப்பு அனுபவதாரர்களுக்கு உரிமை கொடுக்கும் சட்டம் வந்தது. போராட்டம் வாங்கிக் கொடுத்த சட்டம், சாதாரணமானது இல்லை. ஆனால் அது குடிசை நின்ற பள்ளத்தைத்தான் குடிசைக்காரனுக்குக் கொடுத்தது. மேட்டைக் கொடுக்கவில்லை. மேடு எப்போதும் ஊருக்கு. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து வைத்த கிராமத்தைப் புகழ்ந்து பேசியவர்களை அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஏன் அப்படிச் சாடினார் என்பது, ஒரே ஒரு மழைநாளில் சேரியில் நின்று பார்த்தால் விளங்கும்.

இப்போது அந்தக் குடிசையை அதிகாரி அளக்கிறார். சுவர் நிற்கிறதா? பாதிச் சேதம், 4,100. நனைந்த மண்சுவர் ரெண்டு நாள் கழித்து விழுந்தால்? பட்டியல் ஏற்கெனவே போய்விட்டது. ஒரு கூரைக்குக் கீழ் கல்யாணமான ரெண்டு மகன்களும் அப்பன் ஆத்தாளும் இருந்தால்? கூரை ஒன்றுதான், கதவு எண் ஒன்றுதான். புறம்போக்கில் குடிசை போட்டிருந்தால்? உனக்கு வீடே இல்லை, அப்புறம் விழுந்தது எது?

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே ஏடு

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை என்பதற்கு அட்லாண்டிக் கரையையும் பார்த்துவிடுவோம். அங்கே புயல் காலம் ஜூனில் தொடங்கி நவம்பரில் முடியும். 1998இல் காலம் முடியப் போகிற நேரத்தில், அக்டோபர் கடைசியில், மிட்ச் என்ற சூறாவளி மத்திய அமெரிக்காவுக்கு வந்தது. காற்றைவிட மழை கொன்றது. ஹோண்டுராஸ் மேல் நகராமல் நின்று கொட்டியது. செத்தவர்கள் 11,000க்கு மேல். நிகரகுவாவில் அக்டோபர் 30 அன்று காசிட்டா எரிமலைச் சரிவு பெயர்ந்து சேறாக இறங்கி ஏறத்தாழ 2,000 பேரை மூடியது. சரிவில் ஏன் குடியிருந்தார்கள்? சமவெளியின் நல்ல நிலம் பெரும் பண்ணைகளிடம் இருந்தது. நம்ம ஆளுக்குப் பள்ளம், அங்கே உள்ள ஏழைக்குச் சரிவு. ஹோண்டுராஸில் வாழைத் தோட்டங்கள் அழிந்தன, தோட்டக் கூலிகள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள்.

அதற்கு எழுபது வருசம் முன்னால், 1928 செப்டம்பரில், அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு சூறாவளி ஒக்கீச்சோபி ஏரிக்கரையை உடைத்தது. 2,500 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலோர் காய்கறிப் பண்ணைகளில் கூலிக்கு வந்த கறுப்பர்கள். பிணம் அள்ளும் வேலைக்குக் கறுப்பர்களைத் துப்பாக்கி முனையில் பிடித்துப் போனார்கள். கிடைத்த சவப்பெட்டிகள் வெள்ளைப் பிணங்களுக்கு. வெஸ்ட் பாம் பீச்சில் 674 கறுப்பு உடல்கள் பெட்டி இல்லாமல் ஒரே குழிக்குள். அந்தக் குழிமேல் பல பத்தாண்டுகள் ஒரு கல்கூட இல்லை. செத்த பிறகும் நிறம் பார்த்த நாடு அது. தனிச்சுடுகாடு வைத்திருக்கிற நாட்டுக்காரர்களுக்கு இதில் அதிர்ச்சி அடைய எந்த யோக்கியதையும் இல்லை.

ஏனென்றால் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நடந்தது நமக்குத் தெரியும். சுனாமிப் பிணங்களை அள்ள வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்கள் எந்தச் சாதி என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதே மாவட்டத்தில் தலித்துகளுக்கு முகாமில் இடமும் நிவாரணத்தில் பங்கும் மறுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. படகுக்கும் வலைக்கும் பட்டியல் இருந்தது. உப்பளத்திலும் கழிமுகத்திலும் கூலிக்கு நின்றவனுக்குப் பட்டியல் இல்லை. 2015 வெள்ளத்தில் சென்னையைக் கழுவ மறுபடி வெளிமாவட்டத் துப்புரவுத் தொழிலாளர்கள். கையுறை இல்லாமல், காலுக்குச் செருப்பு இல்லாமல். நிவாரணப் பட்டியலில் நம் பேர் இருக்காது, பிணம் அள்ளுகிற பட்டியலில் முதல் பேர் நம் பேர். அப்போது மட்டும் புயலுக்கும் வெள்ளத்துக்கும் சாதி தெரிந்துவிடுகிறது.

முடியாது என்று சொல்லாதே

நிலம் இல்லாதவன் இழப்பை எப்படி அளப்பது, அதற்கு ஆவணம் ஏது என்று அதிகாரிகள் கேட்பார்கள். இதற்கான பதில் எங்கள் தெற்குச் சீமையிலேயே இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. கடுமையாகப் பாதித்த தாலுகாக்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் என்று தமிழக அரசு ரேஷன் கடை வழியாகக் கொடுத்தது. அந்தத் தொகை போதுமா என்பது வேறு விசயம். அட்டைக்குக் கொடுக்க முடியும், பட்டா கேட்காமல் கொடுக்க முடியும், சில வாரத்துக்குள் கொடுக்க முடியும் என்று அரசே காட்டிவிட்டது. இனி முடியாது என்ற பேச்சுக்கே இடம் இல்லை. மனசில்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறோம்.

ஆகவே நாம் கேட்பது:

1. போன மரத்துக்கு விலை இருப்பதுபோல, போன வேலைநாளுக்கு விலை வேண்டும். அரசு தானே அறிவிக்கிற குறைந்தபட்சக் கூலிப்படி, வேலை திரும்புகிற வரைக்கும். அதன் பேர் இழப்பீடு, தருமம் அல்ல.

2. தோப்பு, பயிர் இழப்புப் பட்டியலில் குத்தகைக்காரர், மரம் ஏறுகிறவர், கீற்று முடைகிற பெண் ஆகியோருக்குத் தனிக் கட்டம் வேண்டும்.

3. கணக்கெடுப்பு சேரியில் தொடங்கி ஊரில் முடியவேண்டும். பட்டியல் சேரியிலும் ஒட்டப்படவேண்டும். கூரையை எண்ணாதே, குடும்பத்தை எண்ணு.

4. புயல் பாதுகாப்பு மையம் சேரி ஜனம் ராத்திரியில் நடந்து எட்டுகிற இடத்தில் இருக்கவேண்டும். ஊர்த்தெருவைத் தாண்டிப் போய், அங்கே உள்ளவர் மனசு வைத்தால் ஒதுங்குகிற இடமாக இருக்கக்கூடாது.

5. மேட்டில் நிலம், கான்கிரீட் வீடு, பெண்கள் பேரில் பட்டா. மேடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், 1892இல் தொடங்கி நமக்கென்று ஒதுக்கி, பிறகு பிறத்தியார் கைக்குப் போன பஞ்சமி நிலத்தில் இருக்கிறது. மீட்டுக் கொடு.

6. பிணம் அள்ளவும் ஊர் கழுவவும் ஒரு சாதியை லாரியில் ஏற்றுவதை நிறுத்து. அந்த வேலைக்கு எந்திரமும், பாதுகாப்புக் கவசமும், எல்லாச் சாதியிலிருந்தும் ஆளும் வை.

மனுக் கொடுத்தால் இது நடக்கும் என்று நம்புகிற அளவுக்கு நாம் பச்சைப் பிள்ளைகள் இல்லை. மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த ஐப்பசி பிறக்கும் முன் ஆளுக்கொரு நோட்டு வாங்குங்கள். சொந்தச் சேரிக்குப் போங்கள். வீடு வீடாக எழுதுங்கள். இந்த வீட்டில் எத்தனை குடும்பம், கூரை எது, சுவர் எது, நிற்கிற இடம் மேடா பள்ளமா, யார் யார் என்ன வேலைக்குப் போகிறார்கள், எந்த மாசத்தில் எத்தனை நாள் வேலை, என்ன கூலி, யாரிடம் எந்தக் காகிதம் இருக்கிறது, யாரிடம் இல்லை. தேதி போட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். ஒரு பிரதியைச் சேரியில் வையுங்கள், ஒன்றை இயக்கத்தில் வையுங்கள், ஒன்றைத் தாலுகா ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். டெல்டாவில் மட்டும் இல்லை, எங்கள் கரிசக்காட்டிலும் செய்யவேண்டிய வேலை இது. கடல் தூரமாகக் கிடக்கு என்று சும்மா இருந்த ஊர்களுக்கு 2023 பாடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

நாளைக்கு அதிகாரி பட்டா ஏட்டோடு வந்து, விழுந்தது எத்தனை மரம் என்று கேட்கும்போது, பிழைப்பு போனது எத்தனை பேருக்கு என்று நம் ஏட்டை எடுத்து மேசையில் போடவேண்டும். காற்றைத் தடுக்க நம்மால் முடியாது. கணக்கைத் திருத்த முடியும்.